கருகிய விதையை வைத்து ஆதி வேளாண்மையைப் படிப்பது: ஹில்மேன் வழி பற்றி ஒரு கேள்வி

கருவிதை:
முதுகலைத் தாவரவியல் முடிக்கப் போகிறேன், தொல்தாவரவியலில் (அகழாய்வில் கிடைக்கும் தாவர எச்சங்களைப் படிப்பது) இறங்க ஆசை. அத்துறையின் பிரிட்டிஷ் ஆய்வாளர் கோர்டன் ஹில்மேன் (1943–2018) பற்றிப் படித்தபோது இரண்டு சந்தேகங்கள். அகழாய்வில் கிடைத்த கரித்துணுக்கைப் பார்த்து இது காட்டில் பறித்தது, இது விதைத்து அறுத்தது என்று எதை வைத்துப் பிரிக்கிறார்கள்? மண்ணிலிருந்து விதையைப் பிரிக்கும் ஃப்ளோட்டேஷனை வாளியை வைத்துப் பழக முடியுமா?

களத்துமேடு:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். தானியத்தைப் பார்ப்பதற்கு முன் கதிர்த்தண்டின் மூட்டைப் பாருங்கள். காட்டு ஐன்கார்ன் கோதுமை பழுத்ததும் கதிர் தானாக உடைந்து சிறுகதிர்கள் ஒவ்வொன்றாக உதிரும், உடைந்த இடம் வழவழப்பாக இருக்கும். வளர்ப்புக் கோதுமையில் கதிர் உதிராது, அடித்தால்தான் பிரியும். அதனால் முறிவு பிசிறு பிசிறாக இருக்கும். ஓரிரு மில்லிமீட்டர் துணுக்குதான், ஆனால் நூறு தானியம் சொல்லாததை அது சொல்லும். ஒரு எச்சரிக்கை: காட்டு பார்லியிலும் கதிரின் அடிமூட்டுகள் சுமார் 10% வரை உதிராமல் நிற்கும். பச்சையாக அறுத்த காட்டுக் கதிரை அடித்தாலும் பிசிறு வரும். நாலைந்து மூட்டைப் பார்த்துவிட்டு ‘வளர்ப்புப் பயிர்’ என்று எழுதக் கூடாது.

ஹில்மேனின் பெரிய பங்களிப்பு என்று நான் நினைப்பது வேறு. 1970களில் கிழக்குத் துருக்கியின் அஷ்வான் கிராமத்தில், கையால் செய்யும் களத்து வேலையை ஒவ்வொரு படியாகக் கவனித்து, எந்தப் படியில் என்ன கழிவு விழுகிறது என்று பதிவு செய்தார். தூற்றும்போது பறப்பது பதரும் தூசியும். பெருங்கண் சல்லடையில் மேலே நிற்பது கணுவும் அடிபடாத கதிரும். சிறுகண் சல்லடையில் கீழே விழுவது பொடி களைவிதையும் கருக்காயும். ஆகவே ஒரு குழியில் பொடிக் களைவிதை நிறையவும் நல்ல தானியம் கொஞ்சமாகவும் இருந்தால் அது குதிர் அல்ல, சலித்துக் கொட்டிய கழிவு. தூற்றுவதும் புடைப்பதும் கொழிப்பதும் தெரிந்த ஊரிலிருந்து வருகிறவருக்கு இது சீக்கிரம் பிடிபடும்.

சல்லடை250:
வாளி முறை தாராளமாகப் பழகலாம். மண்ணை முதலில் நிழலில் காயவிடுங்கள். ஈரக் களிமண் கட்டியை அப்படியே போட்டால் கரையாது, உள்ளிருக்கும் விதையும் வெளியே வராது. 20 லிட்டர் வாளியில் 3 லிட்டர் மண், மீதி தண்ணீர். கையால் மெதுவாகக் கலக்கி, மண் அடங்க அரை நிமிடம் விட்டு, மிதப்பதை 0.25 மி.மீ. சல்லடையில் சாயுங்கள். அதற்கு மேல் காத்திருந்தால் கரி தண்ணீரை இழுத்து மூழ்கிவிடும். எதுவும் மிதக்காத வரை ஐந்தாறு முறை திரும்பச் செய்யுங்கள்.

அடியில் தங்கியதைக் கொட்டிவிடாதீர்கள். பருப்பு வகையும் கொட்டை ஓடும் மூழ்கும், 1 மி.மீ. சல்லடையில் அலசிப் பொறுக்க வேண்டும். மிதந்ததைத் துணியில் முடிந்து நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் வேகமாகக் காய்ந்தால் கரி வெடித்துத் தூளாகும். உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என இரண்டு அடையாளச் சீட்டு, பென்சிலில்.

உங்கள் கை எவ்வளவு சுத்தம் என்று பார்க்க, கருக்கிய கசகசா 100 எண்ணி மண்ணில் கலந்துவிட்டு எத்தனை திரும்பி வருகிறது என்று பாருங்கள். பாதிதான் வந்தால் சல்லடை ஓரத்திலோ ஊற்றும் வேகத்திலோ பிழை. அடுத்த மாதிரியில் கசகசா வந்தால் வாளியைச் சரியாகக் கழுவவில்லை. வறண்ட மேட்டு மண்ணில் கருகாத விதை கிடைத்தால் பெரும்பாலும் அது எறும்பு இழுத்துப்போட்ட இன்றைய விதை.

களத்துமேடு:
ஒன்று விட்டுப்போனது. 1990இல் ஹில்மேனும் ஸ்டூவர்ட் டேவிஸும் காட்டு ஐன்கார்னை வைத்துக் கணக்கிட்டார்கள். கதிரைக் கூடைக்குள் தட்டி உதிர்த்தால் உதிரும் ரகமே விதையாகத் திரும்பும், எதுவும் மாறாது. ஓரளவு பழுத்த கதிரை அரிவாளால் அறுத்தோ வேரோடு பிடுங்கியோ அதிலிருந்து விதைத்தால், உதிராத ரகம் 200 ஆண்டுக்குள், சாதகமான நிலையில் 20–30 ஆண்டிலேயே முழுதும் பரவிவிடும் என்றது கணக்கு. ஆனால் மண் அப்படிச் சொல்லவில்லை. சீனத்தின் தியான்லுவோஷான் அகழாய்வு இடத்தில் நெல்லின் உதிராத அடிக்காம்புகள் (நெல்மணி கதிரோடு ஒட்டியிருந்த இடம்) 27%இலிருந்து 39% ஆக ஏறவே சுமார் 300 ஆண்டு பிடித்தது. கணக்கு தப்பில்லை. விதைத்தவர்கள் காட்டிலும் பறித்துக்கொண்டே இருந்திருந்தால் வேகம் குறையும். அதனால்தான் அடிக்காம்பை எண்ணும் சலிப்பான வேலையை யாரும் தவிர்க்க முடியாது.

கருவிதை:
நன்றி. ஒப்பீட்டு விதைத் தொகுப்பு இல்லாமல் எப்படித் தொடங்குவது?

சல்லடை250:
நீங்களே உருவாக்குங்கள். பெல்லாரிப் பக்கம் சங்கனகல்லு போன்ற தென்னிந்தியப் புதிய கற்கால ஊர்களில் கிடைப்பவற்றிலிருந்து ஆரம்பியுங்கள்: குலசாமை (browntop millet என்ற சிறுதானியம்), கொள்ளு, பச்சைப்பயறு. கூடவே அவற்றோடு குழம்பக்கூடிய சாமை, தினை, உளுந்து, வயல் களைகள். செடியோடு பறித்து உலர்தாவரத் தாளில் ஒட்டி, அதே செடியின் விதையைப் பாதி அப்படியே, பாதி கருக்கி வையுங்கள். அலுமினியத் தாளில் சுற்றி மணலில் புதைத்து 230–250 டிகிரியில் சில மணி நேரம். காற்றுப் பட்டால் சாம்பலாகும், சூடு ஏறினால் பொரிந்து உருவம் மாறும். பயற்றைப் பிளந்தும் சில வையுங்கள். உள்ளே முளைக்குருத்தின் தடம்தான் பச்சைப்பயறையும் உளுந்தையும் பிரித்துக் காட்டும். 10–40 மடங்கு ஸ்டீரியோ நுண்ணோக்கி போதும். முறையாகப் படிக்க புனே டெக்கான் கல்லூரியையும் லக்னோ பீர்பால் சஹானி நிறுவனத்தையும் பாருங்கள். விண்ணப்பத்தோடு இந்தத் தொகுப்பின் படங்களையும் அனுப்புங்கள்.