புதுப்பிப்பு: ஈரி கால்வாயைச் சமையலறையில் கட்டினோம்

நான்காம் வகுப்புப் பையனுக்கு நியூயார்க் மாநில வரலாற்றைக் கையால் செய்து பார்க்கிற மாதிரி எப்படிச் சொல்லித் தருவது என்று முன்பு கேட்டிருந்தேன், உப்பு மாவில் வரைபடம் செய்யச் சொல்லிப் பலர் எழுதியிருந்தீர்கள். செய்தோம் (மைதா இரண்டு பங்கு, உப்பு ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு). வடக்கே அடிரான்டாக், தெற்கே கேட்ஸ்கில் என்று மலைகளைக் குவித்ததும், நடுவில் மேற்கே போக ஒரு வழி இருக்கிறதே என்று அவனே கேட்டான். மோஹாக் பள்ளத்தாக்கு! ஹட்சன் ஆற்றையும் ஈரி ஏரியையும் இணைக்கிற ஈரி கால்வாய் ஏன் அங்கே போனது என்று நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

லாக் (தண்ணீர் மட்டத்தை மாற்றிப் படகை ஏற்றி இறக்கும் கதவுத் தொட்டி) செய்ததுதான் உண்மையில் பிடித்துப்போனது. நீள பிளாஸ்டிக் டப்பா, காய்ந்துபோகாத மாடலிங் களிமண், பால் கேனில் வெட்டிய கதவுகள். அட்டை வேண்டாம், ஊறிவிடும். இரண்டு கதவுகளும் மேட்டுப் பக்கம் பார்த்து வி வடிவில் சேர வேண்டும், அப்போதுதான் தண்ணீரே அவற்றை அழுத்தி மூடி வைக்கும். கொஞ்சம் கசியத்தான் செய்யும், பரவாயில்லை. படகை நூல் கட்டி இழுத்தது ஒரு பொம்மைக் கழுதை, அந்தக் காலத்தில் கோவேறு கழுதைகள்தானே இழுத்தன.

1825-ல் திறந்தபோது ஆல்பனியிலிருந்து பஃபலோ வரை 363 மைல், 83 லாக், ஆழமோ வெறும் 4 அடி. எண்களை முதலிலேயே சொல்லியிருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும்.

அடுத்து ஒக்லஹோமாவின் புழுதிப் புயல்கள், 1930-கள். ஹேர் டிரையரும் மணலும் போதுமா, மண்ணைப் பிடித்து வைத்திருந்த புல்லை எப்படிக் காட்டுவது? யோசனை இருந்தால் சொல்லுங்கள்.