வார்ம் ஒயிட், கூல் ஒயிட்: தமிழில் என்ன எழுதலாம்?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

அனைவருக்கும் வணக்கம். வீட்டுக்கு விளக்கு வாங்குவோருக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை காலை அச்சுக்குப் போக வேண்டும். வாட்டையும் லூமெனையும் அப்படியே விட்டுவிட்டேன். இடிப்பது வார்ம் ஒயிட், கூல் ஒயிட் இரண்டும்தான். ஒளியின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் 2700, 3000 என்றால் வார்ம் ஒயிட். 6500 கூல் ஒயிட். 'வெப்ப வெள்ளை', 'குளிர் வெள்ளை' என்று எழுதி அம்மாவிடம் படித்துக் காட்டினேன். "வெப்ப வெள்ளைன்னா பல்பு ரொம்பச் சுடுமா? அப்ப படுக்கிற ரூமுக்கு வேண்டாம்" என்றார். கையேடு படுக்கையறைக்குச் சொல்வதே அதைத்தான்!

தமிழாசிரியர் (ஓய்வு), தஞ்சாவூர்:

அம்மா, வெப்பத்தை விடுங்கள், வெம்மையை விட வேண்டாம். தொல்காப்பியர் உரியியலில் 'வெம்மை வேண்டல்' என்கிறார். விருப்பம் என்று பொருள். வெய்யோன் கதிரவன் மட்டுமல்ல, விரும்புகிறவனும்தான். சூடும் அன்பும் ஒரே சொல்லில் நம்மிடமே இருக்கும்போது வேறெங்கே தேட வேண்டும்? வெம்மையும் வேலும் சேர்ந்து 'வெவ்வேல்' ஆனது போல 'வெவ்வெள்ளை' எனலாம். எதிர்ச்சொல் 'தண்வெள்ளை'. வெள், வெம் இரண்டும் ஒரே வேரில் பிறந்தவை என்பது என் நெடுநாள் எண்ணம். கொல்லன் உலையில் இரும்பு முதலில் சிவக்கிறது, பிறகு மஞ்சளாகிறது, கடைசியில் வெளுக்கிறது. காய்வதும் வெளுப்பதும் அங்கே ஒரே செயல். வெயில், வெளிச்சம், வெள்ளி எல்லாவற்றையும் இந்த வழியில் பாருங்கள்.

இயற்பியல் ஆசிரியை, மதுரை:

ஐயா, அந்த உலையில்தான் சிக்கலே இருக்கிறது. குறைவாகக் காய்ந்த இரும்பு சிவக்கும், மிகக் காய்ந்தது வெளுக்கும். கெல்வின் எண்ணும் இப்படிக் காயும் பொருளிலிருந்து வந்ததுதான். குண்டு பல்பின் இழை ஏறத்தாழ 2700 கெல்வினில் எரிவதால் ஒளி மஞ்சளாக இருக்கிறது. எண் கூடக்கூட ஒளி நீலத்தின் பக்கம் போகும். ஆக, 6500தான் கூடுதல் வெப்பம். அதற்குத் 'தண்' என்று பெயர் வைத்தால் வகுப்பில் நான் எப்படி விளக்குவேன்? எல்.இ.டி. அந்த அளவு காய்வதே இல்லை, ஒளியின் நிறத்தை ஒப்பிட்டுத்தான் எண் போடுகிறார்கள். இந்த எண்ணைக் குறிக்கும் 'நிற வெப்பநிலை' என்ற சொல் பாடத்தில் இருக்கட்டும். வாங்குகிறவருக்கு நிறத்தின் பெயர் போதும்.

மின்பணியாளர், ஈரோடு:

கடையில் 'மஞ்சள் லைட்டா, வெள்ளை லைட்டா' என்றுதான் கேட்பார்கள். நடுவில் இருக்கும் 4000க்குப் பேரே கிடையாது. போன மாதம் ஒரு வீட்டுச் சமையலறைக்கு 2700 போட்டுவிட்டு வந்தேன். மறுநாளே அந்த அக்கா கூப்பிட்டார். முருங்கைக்கீரை ஆயும்போது பழுத்த இலை எது, பச்சை எது என்று தெரியவில்லையாம். கழற்றி 4000 போட்டேன். கழற்றியதை அவர்கள் ஹாலில் 6500 இருந்த இடத்தில் மாட்டினேன். அதுவரை சாமி மாடத்து அகல் எரிவதே கண்ணில் படவில்லை. இப்போது சுவர் முழுக்க அந்த அகலின் நிறம்தான். மக்கள் சொல்கிற பேரிலேயே எழுதுங்கள் மேடம்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

தம்பி சொல்வது சரி. ஆனால் 'மஞ்சள் விளக்கு' என்று எழுதினால், முழு மஞ்சள் மின்குமிழை வாங்கிக்கொண்டு வந்திடுவினம். வெள்ளைக்குள் இருக்கிற சாயலைத்தானே சொல்ல வேணும்? 2700க்குப் பொன்வெள்ளை, 4000க்குப் பால்வெள்ளை, 6500க்குப் பகல்வெள்ளை. பகல் வெளிச்சம் ஏறக்குறைய அந்த எண்தான்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

'மின்குமிழ்' என்ன அழகு! இங்கே நாம் ஏன் அதைப் புழங்கவில்லை? ஆனால் 'வெண்பொன்' என்றால் வெள்ளி. சொல்லைத் திருப்பிப் போட்டு 'பொன்வெள்ளை' என்றால் படிக்கிறவர் தடுமாற மாட்டாரா? பாலிலும் பசும்பால் மஞ்சள் ஓடிய வெள்ளை. எருமைப்பால்தான் தூய வெள்ளை. எந்தப் பால் என்று சொல்ல வேண்டாமா?

மொழிபெயர்ப்பாளர், கோவை:

ஐயா, இந்த வேலையில் எனக்கு ஒன்று உறைத்தது. மனம் குளிர்ந்தது, கண்ணுக்குக் குளிர்ச்சி, தண்ணளி என்று இதமானதையெல்லாம் நாம் குளிர்ச்சி என்கிறோம். வயிறு எரிகிறது, தலை கொதிக்கிறது என்றால் துன்பம். படுக்கையறையின் இதமான ஒளிக்குச் சூட்டின் பெயரை வைத்தால் நம் வெயிலில் வாழ்கிறவருக்கு ஒட்டாது. 'வெம்மை வேண்டல்' உங்களுக்கும் எனக்கும் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நால்வர் 'பொன்வெள்ளை'க்குத் தனிமடலில் சரி சொல்லியிருக்கிறார்கள். பொன்வெள்ளை, பகல்வெள்ளை இரண்டையும் அனுப்பிவிட்டேன். பொன்வெள்ளை முதலில் வரும் இடத்தில் மட்டும் 'கடையில் மஞ்சள் லைட் என்பார்கள்' என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன்.

தமிழாசிரியர், தஞ்சாவூர்:

அச்சாகட்டும், மகிழ்ச்சி. வெவ்வெள்ளையை நான் கைவிடவில்லை. வேர் பற்றிய குறிப்பைத் தனி இழையில் எழுதுகிறேன்.

மின்பணியாளர், ஈரோடு:

4000க்கு என்ன பேர் முடிவாச்சு?