'லிவிங்'குக்கு தமிழ்ல என்ன சொல்லலாம்? (ஜேன் ஆஸ்டின் அப்பா விஷயமா)

சென்னையிலிருந்து:
எல்லாருக்கும் வணக்கம். கல்லூரி துணைப்பாடத்துக்கு ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் வாழ்க்கைக் குறிப்பை தமிழாக்கிட்டு இருக்கேன், வெள்ளிக்கிழமை குடுத்தாகணும். அவங்க அப்பா ஜார்ஜ் ஆஸ்டின் இங்கிலாந்துல ஹாம்ப்ஷயர்ல ஸ்டீவன்டன்ங்கற சின்ன ஊருக்கு ரெக்டர், அதாவது ஊர்ச் சர்ச்சோட குரு. 1761ல அந்த ஊர் 'லிவிங்' கிடைச்சது, 1773ல பக்கத்து ஊர் டீன் லிவிங்கும் சேர்ந்ததுன்னு வருது. 'வேலை'ன்னு போட்டேன், உக்கார மாட்டேங்குது. உதவுங்க.

பாளையங்கோட்டையிலிருந்து:
வேலைன்னு போடாதீங்கம்மா, அர்த்தமே மாறிரும். அந்தக் காலத்துல இங்கிலாந்துல ரெக்டருக்கு மாசச் சம்பளம் கிடையாது. ஊர் விளைச்சல்ல தசமபாகம் (பத்துல ஒரு பங்கு), கோயில் நிலம், குடியிருக்க குருமனை, இது மூணும் சேர்ந்ததுதான் லிவிங், அதுவும் ஆயுசு முழுக்க. யாருக்குக் குடுக்கணும்ங்கற உரிமை பல ஊர்ல நிலக்கிழார் கையில இருக்கும், ஸ்டீவன்டன்ல அது நைட் குடும்பம், ஜார்ஜுக்கு தூரத்துச் சொந்தம். ரெக்டருக்கு முழு தசமபாகம், விகார்ங்கற இன்னொரு வகை ஊர்க் குருவுக்கு அதுல ஒரு பங்குதான், இவங்களுக்குப் பதிலா ஊழியம் பாக்கற க்யூரேட்டுக்கு இவங்க குடுக்கற கூலி. எங்க பக்கம் சேகரம்னு சொல்லுவோம், ஆனா அது எல்லையைத்தான் குறிக்கும், வரும்படிய குறிக்காது.

தஞ்சாவூரிலிருந்து:
இதுக்குப் புதுசா எதுக்குச் சொல் உண்டாக்கணும், சோழர் கல்வெட்டுலயே இருக்கே! கோயில்ல மேளம் வாசிக்கிறவருக்கு விட்ட நிலம் உவச்சக்காணி, மடத்துக்கு மடப்புறம் (சிவகங்கை பக்கம் அந்தப் பேர்ல ஊரே இருக்கு), ஊழியம் பண்றவன் பிழைப்புக்கு விட்டது ஜீவிதம், ஜீவிதப்பற்று. 'லிவிங்'னாலும் பிழைப்பு, 'ஜீவித'த்துக்கும் அதே பொருள். 'சீவிதம்'னு எழுதுங்க.

கோவையிலிருந்து:
ஐயா, சீவிதம் வடசொல். நீங்க சொன்ன 'புறம்' நல்ல தமிழ், அதை வச்சு குருப்புறம்னு சொல்லலாம். 'குரு'வும் வடசொல்தானேன்னா ஆயர்ப்புறம்னு வைங்க.

பாளையங்கோட்டையிலிருந்து:
ஆயர்னா கத்தோலிக்கர்கிட்ட பிஷப்புங்க. தமிழ் வாத்தியாருக்கோ முல்லை நிலம்தான் ஞாபகம் வரும். 'மானியம்'னு போடுங்க, கோயில் மானியம், ஊழிய மானியம் எல்லாம் ஊர்ல எல்லாருக்கும் புரியும்.

கோவையிலிருந்து:
எங்க பசங்களுக்கு மானியம்னா கேஸ் சிலிண்டர் மானியம், உர மானியம். அரசாங்கம் ஜார்ஜ் அக்கவுண்ட்ல பணம் போட்டதா நினைப்பாங்க.

சென்னையிலிருந்து:
எல்லாரும் கொஞ்சம் அந்த வீட்டை நினைச்சுப் பாருங்க. பிள்ளைங்க 8 பேரு, ஜேன் ஏழாவது, 1775 டிசம்பர் 16ல பொறந்தவ. ரெண்டு ஊர் வருமானமும் போதாம ஜார்ஜ் பையன்களை வீட்லயே தங்க வச்சு பாடம் சொல்லிக் குடுத்தாரு, குத்தகைக்கு விவசாயமும் பாத்தாரு. ஆனா 500 புத்தகத்துக்கு மேல வச்சிருந்தாரு, மக அதை எடுத்துப் படிக்கத் தடையில்ல. 1797ல அவ நாவலுக்காக கேடல்ங்கற பதிப்பாளருக்கு தானே கடிதம் எழுதினாரு, அவங்க பாக்காமலே மறுத்துட்டாங்க. அந்த அப்பாவை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, அதனாலதான் இந்த ஒரு சொல்லுக்கு இவ்வளவு மெனக்கெடறேன். 1801ல பாத் நகரத்துக்குப் போறப்போ குருமனை மூத்தவன் ஜேம்ஸ் கைக்குப் போச்சு, அப்பாவுக்குப் பதிலா அவன் க்யூரேட்டா ஊழியம் பாத்தான். லிவிங் மட்டும் அப்பா பேர்லயே இருந்தது. 1805 ஜனவரி 21ல அவர் பாத்ல இறந்தாரு, அன்னிக்கோட அந்த வரும்படி நின்னு போச்சு, அம்மாவும் ரெண்டு பொண்ணுங்களும் அண்ணன் தம்பிங்க குடுக்கறதையும் நம்பி இருக்க வேண்டியதாச்சு. இந்த 'அன்னிக்கோட' சொல்லுக்குள்ள வரணும்.

தஞ்சாவூரிலிருந்து:
அதனாலதான் சீவிதம்னேன்! சீவன் இருக்கிற வரைக்கும்தான் சீவிதம். மானியம்னா வாரிசுக்குப் போகும்னு படிக்கிறவன் நினைப்பான், அப்புறம் பொண்ணுங்க ஏன் கஷ்டப்பட்டாங்கன்னு அவனுக்குப் புரியாது.

மதுரையிலிருந்து:
மூணு நாளா படிச்சுட்டு இருக்கேன். 'குருமானியம்'னு போட்டு, முதல் தடவை வர்ற எடத்துல 'அவர் ஆயுசு வரைக்கும்'னு ஒரு வரி சேத்துருங்க, கேஸ் மானியத்தோட குழம்பாது.

பாளையங்கோட்டையிலிருந்து:
சம்மதம்.

கோவையிலிருந்து:
சரி, புரியுதுங்கறதுக்காக மட்டும் சம்மதம்.

சென்னையிலிருந்து:
குருமானியம்னே அனுப்பிடறேன், நேரமில்ல. ரெக்டரை ரெக்டர்னே விட்டுட்டேன். அனைவருக்கும் நன்றி.

தஞ்சாவூரிலிருந்து:
அனுப்புங்கம்மா. அடுத்த பதிப்புக்காவது சீவிதத்தை யோசிங்க, ஜீவிதப்பற்று வர்ற கல்வெட்டுகளைத் தனி மடல்ல அனுப்பறேன்.