பழைய திருகு உள்ள சி.என்.சி.யில் கிளைம்ப் மில்லிங் செய்யலாமா?

கேள்வி (சுங்கை சிப்புட்):
வணக்கம். செம்பனை ஆலைகளுக்கு உதிரிப் பாகங்கள் செய்யும் சிறிய பட்டறை எங்களுடையது. கையால் சுழற்றும் பழைய மில்லிங் இயந்திரத்துக்கு மோட்டார்களும் கண்ட்ரோலரும் பொருத்தி சி.என்.சி.யாக (கணினி இயக்கும் இயந்திரமாக) மாற்றினோம், மேசையை நகர்த்தும் திருகு மட்டும் பழையதே. 304 ஸ்டெயின்லெஸ் தகட்டின் ஓரத்தை 10 மி.மீ. எண்ட் மில் கட்டரால் கிளைம்ப் முறையில் (கட்டரின் பல் மேசை நகரும் திசையிலேயே வெட்டும் முறை) வெட்டியபோது மேசை திடீரென முன்னே பாய்ந்து கட்டர் உடைந்தது. மறுமுறையும் அப்படியே ஆயிற்று. கன்வென்ஷனல் முறையில் (பல் மேசை நகரும் திசைக்கு எதிராக வெட்டும் முறை) உடையவில்லை என்றாலும் பரப்பு சொரசொரப்பாக வருகிறது, கட்டரும் விரைவில் மழுங்குகிறது. எதைக் கடைப்பிடிப்பது?

மறுமொழி (ஈப்போ):
தம்பி, முதலில் பேக்லாஷை (திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள தளர்வை) அளந்து பாருங்கள். மேசையை ஒரே திசையில் சிறிது நகர்த்தி, டயல் கேஜைச் சுழியில் வைத்து, அதே திசையில் 1 மி.மீ. முன்னே கொண்டுபோய், மீண்டும் 1 மி.மீ. பின்னே அழையுங்கள். முள் சுழிக்குத் திரும்பாமல் நிற்கும் அளவுதான் பேக்லாஷ்.

கேட்டவர்:
0.28 மி.மீ. காட்டுகிறது, அண்ணா. கண்ட்ரோலரில் பேக்லாஷ் ஈடு செய்யும் வசதி உண்டு. இந்த எண்ணை அதில் கொடுத்தால் போதுமா?

மறுமொழி (ஈப்போ):
போதாது. அந்த வசதி, திசை மாறும்போது திருகைக் கூடுதலாகச் சுழற்றி இடத்தைச் சரிசெய்யுமே தவிர, மேசையைப் பிடித்து வைக்காது. கிளைம்ப் முறையில் கட்டரின் பல்லே மேசையை நகரும் திசையில் இழுக்கிறது. திருகுக்கும் மரைக்கும் இடையே உள்ள 0.28 மி.மீ. இடைவெளியில் மேசை பாயும்போது, 0.04 மி.மீ. சீவ வேண்டிய பல் 0.3 மி.மீ.க்கு மேல் கடிக்க நேரிடும். உடைந்ததற்குக் காரணம் அதுவே. கன்வென்ஷனல் முறையில் வெட்டுவிசை எதிர்த்துத் தள்ளுவதால் இடைவெளி எப்போதும் ஒரே பக்கம் அடைபட்டிருக்கும். ஆகவே, பால் ஸ்குரூ (குண்டுகள் மேல் உருளும், தளர்வு மிகக் குறைந்த திருகு) மாற்றும் வரை கன்வென்ஷனல்தான்.

மறுமொழி (கோலகங்சார்):
அண்ணன் சொன்னது சரி. பரப்பு கெடுவதற்கும் காரணம் உண்டு: கன்வென்ஷனல் முறையில் சீவல் சுழிக் கனத்தில் தொடங்குவதால், பல் வெட்டுவதற்கு முன் உரசுகிறது, 304 உரசினால் இறுகிவிடும். அதனால் பயந்து ஃபீடை (மேசை நகரும் வேகத்தை) குறைக்காதீர்கள், குறைத்தால் உரசல் இன்னும் கூடும். கூர்மையான கட்டரும் தாராளமான கூலண்டும் உதவும். வார்ப்பிரும்பின் கரடான மேல்தோலை எடுக்கும் வேலைக்கோ கன்வென்ஷனல் முறையே நல்லது. பல் சுத்தமான உலோகத்தில் நுழைந்து தோலை உள்ளிருந்து உடைத்து வெளியேறும். பால் ஸ்குரூ வந்த பின், சுழல்தண்டு எம்03 கட்டளையில் (வலஞ்சுழியாக) சுழலும்போது, ஜி41 கட்டளை கொடுத்தால் கட்டர் தான் செல்லும் திசையில் பார்க்கப் பொருளுக்கு இடப்பக்கம் நின்று கிளைம்ப் முறையில் வெட்டும். ஜி42 கொடுத்தால் கன்வென்ஷனல்.