ஸ்டேக்ஹோல்டர் (ஒரு வேலைல சம்பந்தப்பட்டவங்க, அதால பாதிக்கப்படறவங்க) லிஸ்ட்ல பேரே இல்லாதவங்க வந்து வேலைய நிறுத்தின அனுபவம் இருக்கா? சொல்லுங்க

கொருக்குப்பேட்டை இன்ஜினியர்:
வணக்கம் மக்களே. மழைநீர் வடிகால் கட்டற கான்ட்ராக்ட் கம்பெனில சைட் இன்ஜினியரா இருக்கேன், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, வியாசர்பாடி பக்கம்தான் வேலை. ஆரம்பத்துல ஆபீஸ்ல ஒரு லிஸ்ட் போடுவாங்க, மாநகராட்சி ஏஇ (உதவிப் பொறியாளர்), மெட்ரோ வாட்டர், ஈபி, டிராபிக் போலீஸ், கவுன்சிலர்னு. இவங்க சம்மதம் இல்லாம ரோட்ல கை வைக்க முடியாது, சரிதான். ஆனா தோண்டின பிறகு ஜேசிபி முன்னாடி வந்து நிக்கறது அந்தத் தெரு ஜனம்தான்.

ஒரு தெருவுல கம்பி கட்டி முடிச்சு கான்கிரீட் போடப் போறோம், ஒரு அக்கா பள்ளத்து ஓரமா சேர் போட்டு உக்காந்துட்டாங்க. சூப்பர்வைசர் உடனே கவுன்சிலருக்கு போன் போடலாம்னாரு, நான் வேணாம்னுட்டு கிட்டப் போய் என்னக்கா விஷயம்னு கேட்டேன். "எங்கம்மாவ டயாலிசிஸுக்கு ஸ்டான்லிக்கு இட்னு போவணும் தம்பி, நீங்க பாட்டுக்கு ஒரு பலகைய போட்டுட்டு போய்ட்டீங்க, அவங்க அத்து மேல எப்டி நடப்பாங்க?"ன்னாங்க. நியாயமான கேள்வி. இரும்பு பிளேட் ரெண்டு கொண்டாந்து சேர்த்துப் போட்டு, பக்கத்துல பைப்ல கைப்பிடி வெல்ட் பண்ணி, ஆஸ்பத்திரி போற நாள்ல தெருமுனை பேரிகேட திறந்து வைக்கறதுன்னு பேசினோம். அதுக்கப்புறம் அந்த அக்காவே வீடு வீடா போய் பைக்க எடுங்கன்னு சொல்லி இடம் பண்ணிக் குடுத்தாங்க.

இன்னொண்ணு, ஆடி மாசம். அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை வந்துட்டா ரோடு கட் பர்மிஷன் நிறுத்திடுவாங்க, அதனால ஜூலை ஆகஸ்ட்ல எல்லாரும் ஓட்டமா ஓடுவோம், அதே நேரத்துலதான் இங்க ஒவ்வொரு தெருவுலயும் அம்மனுக்குக் கூழ் ஊத்துவாங்க. ஷெட்யூல் போடறதுக்கு முன்னாடியே கோயில் ஆளுங்களப் பாத்து தேதி வாங்கிடுவேன், கோயில் வாசல்ல மட்டும் முதல்லயே முடிச்சு மூடிடுவோம்.

மணலி ஐடி:
சாஃப்ட்வேர்லயும் இதேதான் ப்ரோ. ஒரு கன்டெய்னர் யார்டுக்கு கேட் என்ட்ரி ஆப் பண்ணோம். மீட்டிங்ல மேனேஜர், அக்கவுன்ட்ஸ், ஏஜென்ட்டுங்க எல்லாம் இருந்தாங்க, நைட் ஷிஃப்ட் கேட் கிளார்க்க யாரும் கூப்பிடல, நான் கேட்டும் அவர் எதுக்குன்னுட்டாங்க. லைவ் போன அன்னிக்கு ராத்திரி டிரெய்லர் லைன் கட்டி நிக்குது. டிரைவருங்க கையில ஃபார்ம் 13 (கன்டெய்னர கேட்ல உள்ள விடறதுக்கான பேப்பர்) வாட்ஸ்அப்ல வந்த மங்கலான போட்டோவாதான் இருக்கு, ஆப் அத ஸ்கேன் பண்ணவே மாட்டேங்குது. அந்த கிளார்க் அண்ணன் தன் பழைய நோட்ட எடுத்து வண்டி நம்பர், சீல் நம்பர் எழுதி அனுப்பிட்டே இருந்தாரு, இல்லன்னா விடியற வரைக்கும் ரோடு ஜாம். அடுத்த வாரம் அவர் பக்கத்துலயே உக்காந்து ஸ்கேன் ஆகலன்னா கையால டைப் பண்ற மாதிரி ஸ்கிரீன மாத்தினேன்.

பெரம்பூர் பிஎம்பி:
பிஎம்பின்ற ப்ராஜெக்ட் மேனேஜர் பரீட்சைக்குப் படிச்சவங்களுக்குத் தெரியும், அதுக்கான கைடு புக் பிஎம்பாக்ல ஸ்டேக்ஹோல்டர் மேனேஜ்மென்ட் தனி ஏரியாவா வந்ததே 2013ல ஐந்தாம் பதிப்புலதான், அதுவரை கம்யூனிகேஷனுக்குள்ள ஒரு பகுதியா கிடந்துச்சு. யாருக்கு எவ்ளோ அதிகாரம், எவ்ளோ அக்கறைன்னு பிரிச்சு பவர் இன்ட்ரஸ்ட்னு நாலு கட்டம் போடுவோமே, அதுல பவர் கம்மின்னு நாம ஒதுக்கற ஆளுங்க ஒண்ணா சேர்ந்தா மறுநாளே கட்டம் மாறிடும். மாசா மாசம் அந்தக் கட்டத்த திருப்பிப் பாக்கணும், நிறைய பேர் முதல் வாரம் போட்டு ஃபைல்ல வெச்சிடறாங்க.

காசிமேடு பொண்ணு:
மீன் விக்கற பெண்களுக்கு ஐஸ் பெட்டி குடுக்கற ஒரு சின்ன ப்ராஜெக்ட்ல இருந்தேன். கூட்டம்னா போட் ஓனருங்க, சங்கத் தலைவருங்க வந்து பேசிடுவாங்க, விக்கற அம்மாங்க யாரும் வரல. எப்படி வருவாங்க, விடியக்காலைலயே ஏலத்துக்கு நிக்கணும், அப்புறம் கூடைய தூக்கினு தெருத்தெருவா போணும். நாங்க ஏலம் முடியற நேரத்துக்கு ஹார்பருக்கே போய் நின்னோம். பெட்டி நல்லாருக்கு, ஆனா தண்ணி ரொம்பினா யார் தலைல தூக்கறதுன்னு ஒரு அம்மா கேட்டாங்க. உடனே சின்ன சைஸா, அடியில தண்ணி வடியற திருகோட மாத்தினோம். போட் ஆளுங்ககிட்ட பேசணும்னா ஏப்ரல் 15லேர்ந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம், எல்லாரும் கரையில இருப்பாங்க, அப்ப போங்க.

மணலி ஐடி:
இன்ஜினியர் சார், ஒரு டவுட். பேசி முடிச்ச ஆபீசர் பாதில டிரான்ஸ்ஃபர் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க?

கொருக்குப்பேட்டை இன்ஜினியர்:
அது அடிக்கடி நடக்கும். தெருவுல நின்னு என்ன பேசினாலும் சைட் புக்ல எழுதி அன்னிக்கே கையெழுத்து வாங்கிடுவேன். புது ஆபீசர் வந்தா அந்த புக்கோட அவர தெருவுக்கே கூட்டினு போய் ஒரு ரவுண்டு நடந்துடுவோம், ஆபீஸ்ல உக்காந்து சொன்னா ஏறாது.