படியிறங்க முடியாத மார்கழி: வீட்டிலிருந்தே என்ன பார்த்தீர்கள், என்ன கேட்டீர்கள்?

மாம்பலம் மாடிவீட்டுக்காரி:

வலது கணுக்காலில் எலும்பு முறிவு. குளியலறை வாசலில் கிடந்த மிதியடிதான் குற்றவாளி. மூன்று மாதத்துக்குக் காலைக் கீழே ஊன்றக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். வீடு மேற்கு மாம்பலத்தில் இரண்டாம் மாடி, லிஃப்ட் கிடையாது. மார்கழிக்கு இன்னும் மூன்றே வாரம்.

முப்பது வருடமாக மார்கழி என்றால் எனக்குக் காலையில் இலவசக் கச்சேரி, மதியம் சபா கேண்டீன், மாலையில் டிக்கெட் கச்சேரி. இந்த வருடம் நாற்காலியும் ஜன்னலும்தான். 2020 ஊரடங்கில் எல்லோரும் வீட்டிலிருந்தே உலகத்தைப் பார்த்தார்கள் என்கிறார்கள். நான் அப்போது மாமியாருக்குக் கஞ்சி வைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன், ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்தவர்கள் சொல்லுங்கள். "இணையத்தில் ஏராளமாக இருக்கிறது" என்று மட்டும் எழுதிவிட்டுப் போகாதீர்கள். அது எனக்கும் தெரியும். எதைப் பார்த்தீர்கள், எப்படிப் பார்த்தீர்கள், எது ஏமாற்றியது?

பெரம்பூர் பெயிண்டர்:

அம்மா, முதலில் கால் குணமாகட்டும்.

நான் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் பெயிண்ட் பிரிவில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஓவியம் பற்றிப் படித்தவன் இல்லை. ஊரடங்கின்போது பேத்தி தன் டேப்லெட்டில் ஒரு படத்தைத் திறந்து, "தாத்தா, விரலை வைத்து விரித்துக்கொண்டே போங்கள்" என்று கொடுத்தாள். ஆம்ஸ்டர்டாம் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ள ரெம்பிராண்டின் 'இரவுக் காவல்', 1642இல் வரைந்தது. 528 போட்டோக்களை எடுத்துத் தைத்து, ஒரே படமாக 2020 மே மாதம் இணையத்தில் போட்டார்கள். 4,480 கோடிப் புள்ளிகள். (2022இல் இதைவிடவும் நுணுக்கமாக 71,700 கோடிப் புள்ளிகளில் இன்னொன்று வந்தது. பேத்தி அதற்குள் கல்லூரிக்குப் போய்விட்டாள். நானே தேடித் திறந்தேன்.)

விரித்தேன். முகம் வந்தது. இன்னும் விரித்தேன், கண் வந்தது. இன்னும் விரித்தால் பெயிண்ட் வந்துவிட்டது! வெடிப்புகள், தூரிகை இழுத்த கோடு, வெள்ளையைத் தடிப்பாக அப்பிய இடம். பெட்டியின் பக்கவாட்டில் முகத்தை ஒட்டிவைத்துக் குமிழ் இருக்கிறதா என்று பார்த்தே பழகிய கண் இது. அங்கேயே நாலு நாள் உட்கார்ந்துவிட்டேன். ஊர்க்காவல் படை ஒன்றின் படம் அது. நடுவில் நிற்கும் கேப்டன் கையை நீட்டுகிறார். அந்தக் கையின் நிழல் பக்கத்தில் நிற்பவரின் மஞ்சள் அங்கிமேல் விழுகிறது. ஒரு நிழலால் இரண்டு ஆட்களுக்கு நடுவே இடைவெளி உண்டாக்கிவிட்டான் மனுஷன். பின்வரிசையில் இரண்டு ஆட்களுக்கு நடுவே ஒற்றைக் கண்ணும் தொப்பியுமாக ஒருவன் எட்டிப்பார்க்கிறான். அது ரெம்பிராண்டேதான் என்கிறார்கள்.

இரண்டு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். ஒன்று, அது இரவே இல்லை. வார்னிஷ் வருடக்கணக்கில் கறுத்துப்போய்ப் படம் இருண்டதால் பிற்காலத்தார் வைத்த பெயர் அது. வார்னிஷ் செய்யும் அக்கிரமம் எனக்குத் தெரியாதா! இரண்டாவது, 1715இல் படத்தை நகர மன்றத்துக்குக் கொண்டுபோனபோது சுவரில் இடம் போதவில்லை என்று நாலு பக்கமும் வெட்டிவிட்டார்கள். சுவரை இடிக்கத் தோன்றவில்லை பாருங்கள்.

அங்கேயே போயிருந்தாலும் நான் கயிற்றுக்கு அப்பால், கூட்டத்துக்குப் பின்னால்தான் நின்றிருப்பேன். முகத்தை ஒட்டவைக்க யார் விடுவார்கள்?

நங்கநல்லூர் அதிகாலை:

எங்கள் வீட்டில் இசை நாடகம். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்ரா அரங்கை மூடியபின், 2020 மார்ச் 16 முதல் ஒவ்வோர் இரவும் ஒரு பழைய ஒளிப்பதிவை இலவசமாகக் காட்டினார்கள். முதல் நாள் 'கார்மென்'. அவர்களுக்கு இரவு ஏழரை என்றால் நமக்கு விடியற்காலை ஐந்து. டிகாக்‌ஷன் இறங்கும் நேரம்.

சுப்ரபாதம் ஒலிக்க வேண்டிய நேரத்தில் மேல்நாட்டுப் பாட்டு ஒலித்ததில் அம்மாவுக்குக் கடும் கோபம். "யாரைக் காணோம் என்று இவள் இப்படி அலறுகிறாள்?" என்றாள். கதையைச் சொன்னேன். மறுநாள் நான் எழவில்லை, அம்மா வந்து எழுப்பி, "அவளை ஆரம்பித்துவிட்டார்களா?" என்று கேட்டாள். இரண்டாம் வாரம் முழுக்க ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் நாடகங்கள். பெரும்பாலும் நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம். நான் பாதியில் குளிக்கப் போய்விடுவேன். அம்மா அசையவில்லை. ஒன்பது நாள் ராமாயண உபன்யாசம் கேட்டவளுக்கு இதெல்லாம் எம்மாத்திரம்? கீழே ஓடும் ஆங்கில வரிகளைப் படிக்கவே மாட்டாள். முகத்தைப் பார்த்தே, "இவன் துரோகி" என்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

அம்பத்தூர்க்காரன், சொந்த ஊர் செய்யாறு பக்கம்:

எல்லோரும் நன்றாகத்தான் எழுதுகிறீர்கள். எனக்கு நேர் எதிர் அனுபவம்.

என் சித்தப்பா தெருக்கூத்தில் கட்டியங்காரன் வேடம் கட்டுகிறவர். எங்கள் பக்கம் பங்குனி தொடங்கி ஆடி வரைதான் கூத்துக்குச் சம்பாத்தியக் காலம். திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்கள் எல்லாம் அப்போதுதான். 2020இல் பூட்டியதும் சரியாக அந்த மாதங்களில். ஊரில் இருந்தவர்கள் ஒரு யோசனை செய்தார்கள்: களத்துமேட்டில் ஆடி, கைப்பேசியில் நேரலையாகக் காட்டி, பார்ப்பவர்கள் முடிந்ததை அனுப்பட்டும் என்று. நான் அம்பத்தூரில் ஒற்றை அறையில் உட்கார்ந்து பார்த்தேன்.

கட்டியங்காரன் என்றால் யார்? முன்வரிசையில் தூங்குகிறவனை எழுப்புகிறவன். ஊர்த் தலைவரைப் பெயர் சொல்லிக் கேலி செய்கிறவன். ராஜாவையே கேள்வி கேட்கிறவன். அன்றைக்கு சித்தப்பா நக்கலாக ஒன்றைச் சொல்லிவிட்டு, சிரிப்பு வரட்டும் என்று பழக்கதோஷத்தில் நிறுத்தினார். எதிரே ஒரு தென்னை மட்டை. அதன்மேல் சாய்த்துவைத்த போன். அந்த நாலு விநாடியை என்னால் பார்க்க முடியவில்லை. அடுத்த நக்கலுக்கு அவர் நிறுத்தவே இல்லை. மளமளவென்று வசனத்தை ஒப்பித்துவிட்டுப் போய்விட்டார்.

இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை, பனியில் போர்வையோடு உட்கார்ந்து, பாதி தூங்கிப் பாதி விழித்துப் பார்க்கிற கலை அது. அர்ச்சுனன் தபசு அன்றைக்குக் கம்பத்தின் உச்சியிலிருந்து வீசுகிற பழத்தைப் பிடிக்க, பிள்ளை வரம் வேண்டிப் பெண்கள் மடியேந்தி நிற்பார்கள். போனில் எதைப் பிடிப்பது? ஓவியம் அசையாமல் நிற்கிறது, ஐயா; எங்கிருந்து பார்த்தாலும் அதற்குக் கவலையில்லை. கூத்து அப்படி இல்லை.

பணம் கொஞ்சம் வந்தது. அதை மறைக்க மாட்டேன்.

புதுப்பேட்டை நூலகர்:

அம்பத்தூர்த் தம்பி சொல்வதை மறுக்க முடியாது. இருந்தாலும் என் கதையையும் கேளுங்கள்.

எழும்பூர் அருங்காட்சியகம் 1851இல் தொடங்கியது. என் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். பள்ளியில் படிக்கும்போது வரிசையில் போய்த் திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன், அதோடு சரி. அங்கே திருவாலங்காட்டு நடராசர் செப்புச் சிலை இருக்கிறது. ஊரடங்கில் ஒரு செய்தியைப் படித்தேன்: பிரெஞ்சுச் சிற்பி ரோடின் 1913இல் அந்தச் சிலையைப் பற்றி மெய்ம்மறந்து எழுதியிருக்கிறார். அது அச்சில் வந்தது 1921இல், அவர் காலமானபின். அவர் சென்னைக்கு வந்தவரே இல்லை. முழுக்க முழுக்கப் போட்டோக்களைப் பார்த்து எழுதியது!

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கடல் கடந்தவர் காகிதத்தில் பார்த்துக் கண்டதை நான் பதினைந்து நிமிட நடையில் காணவில்லை. நானும் போட்டோக்களைத் திரட்டி, நாளுக்கு ஒன்றாகப் பார்த்தேன். கோயில்களில் நாம் பார்த்துப் பழகிய நடராசருக்குச் சுற்றிலும் சுடர் வளையமான திருவாசி உண்டு, இரு பக்கமும் விரிந்து பறக்கும் சடை உண்டு. இவருக்கு இரண்டும் இல்லை. அதனால் உடம்பு மட்டும் தனியாக நிற்கிறது: வளைந்த முழங்கால், தூக்கிய பாதம், திரும்பிய இடுப்பு. திருவாசி இருந்திருந்தால் என் கண் அந்தச் சுடர்களை எண்ணிக்கொண்டிருந்திருக்கும்.

திறந்ததும் ஓடினேன். நான் மனத்தில் கட்டிவைத்திருந்த அளவு வேறு, அங்கே நின்ற அளவு வேறு. கண்ணாடியில் என் முகமும் குழல் விளக்கும் தெரிந்தன. காவலாளி, "சீக்கிரம் பாருங்கள், மூடப்போகிறோம்" என்றார். உண்மையைச் சொன்னால், அன்று வீட்டுக்கு வந்து மறுபடி போட்டோவைத்தான் எடுத்தேன்.

மயிலாப்பூர் கடைசி வரிசை:

மாம்பலத்து மாமிக்குக் கச்சேரிச் செய்தி மட்டும். 2020 மார்கழியில் சபாக்கள் பல சேர்ந்து இணையத்தில் நடத்தின. நான் பார்த்த முதல் கச்சேரி ஆலாபனை நடுவே நின்று சக்கரம் சுற்றியது. காசு கொடுத்தவனுக்கு அந்தச் சக்கரத்தில் ஒரு ராகமும் தெரியவில்லை. சரியான பிறகு ஒன்று கண்டேன்: தனி ஆவர்த்தனத்தில் மிருதங்கக்காரரின் விரல்கள். இருபத்திரண்டாம் வரிசையில் உட்கார்ந்து இத்தனை வருடம் நான் பார்த்ததெல்லாம் அவர் தலையாட்டலைத்தான். வலது மோதிர விரல் தோலைவிட்டு அசங்காமல் கிடக்க, ஆள்காட்டி விரல் மட்டும் வெட்டுகிறது.

ஒரு வேண்டுகோள். கைப்பேசியின் ஒலிபெருக்கியில் கேட்காதீர்கள், தம்புரா மறைந்துவிடும். காதில் மாட்டிக்கொள்ளுங்கள். கேண்டீனுக்குத்தான் மாற்று இல்லை. பக்கத்து வீட்டாரிடம் கீரை வடை கேளுங்கள்.

மாம்பலம் மாடிவீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. நேற்றே தொடங்கிவிட்டேன். பெரம்பூர் ஐயா, படத்தை விரித்தேன். இடப்பக்கம் பொன் நிற உடையில் ஒரு சிறுமி. இடுப்பில் செத்த கோழியைத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். சிப்பாய்களுக்கு நடுவே கோழி எதற்கு? சமையலுக்கா?

பெரம்பூர் பெயிண்டர்:

நானும் அதைத்தான் முதலில் கேட்டேன், அம்மா. அந்தப் படையின் சின்னமே பறவையின் நகக்கால்தான். அதைக் கொடியில் போடாமல் கோழியின் காலாக வரைந்துவிட்டான். கால் விரல்களை விரித்துப் பாருங்கள், கோழியைவிடக் கால்தான் வெளிச்சத்தில் இருக்கும்.

மாம்பலம் மாடிவீட்டுக்காரி:

பார்த்தேன். எனக்கு இப்போது கால்களாகவே கண்ணில் படுகின்றன, ஐயா. புதுப்பேட்டைக்காரர் சொன்ன நடராசரையும் திறந்து வைத்திருக்கிறேன். அவர் தூக்கியிருப்பது இடது கால். எனக்கு வலது, இரண்டு தலையணைமேல்.