ஸ்டார் டெல்டா டிராயிங் போட எளிமையான சாஃப்ட்வேர் எது? (லேப்டாப்பும் பழசு, ஆளும் பழசு)

பீன்யா_வயர்மேன்:

வணக்கம். பெங்களூரு பீன்யா ரெண்டாவது ஸ்டேஜ்ல சின்னதா பேனல் வயரிங் கடை வச்சிருக்கேன். சொந்த ஊர் பாலக்கோடு பக்கம். நானும் ரெண்டு ஹெல்பரும்தான். பெரும்பாலும் அபார்ட்மென்ட் பம்ப் பேனல். டிஓஎல் (மோட்டாரை நேரா ஆன் பண்றது), ஸ்டார் டெல்டா (முதல்ல ஸ்டார்ல கிளப்பி, டைமர் முடிஞ்சதும் டெல்டாவுக்கு மாத்துறது), டேங்க் லெவல் பார்த்து தானா ஓடுறது, இவ்வளவுதான் நம்ம உலகம். பதினெட்டு வருஷமா டிராயிங்னா எனக்கு நோட்டும் பென்சிலும்தான். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல போட்டா பசங்க வயர் இழுத்துடுவாங்க.

போன வாரம் ஒரு 20 எச்பி பேனல். டைமர்ல வயர் சொருகுற முனை நம்பர்ல 15 பொது, 16 ஸ்டாருக்கு, 18 டெல்டாவுக்கு. நான் 8 எழுதினா மேல் வட்டம் மூடாது, 6 மாதிரியே இருக்கும். ஒடிசா பையன் ஸ்டார், டெல்டா ரெண்டு கான்டாக்டரோட (மோட்டாருக்குப் பவரை விடுற காந்த சுவிட்ச்) காயிலையும் 16-லயே சொருகிட்டான். அவனைத் திட்ட மனசு வரல. அவனுக்கு என் தமிழ் புரியாது, என் இந்தி அவனுக்குச் சிரிப்பு. எங்களுக்குள்ள இருக்கிற பாஷையே அந்த நம்பர்தான்.

எப்பவும் பவர் பக்கம் எம்சிபியை (பிரேக்கர் சுவிட்ச்) இறக்கிட்டு கன்ட்ரோலை மட்டும் ஓட்டிப் பார்ப்பேன். ஸ்டார்ட்டை அழுத்தினதும் ரெண்டு கான்டாக்டரும் படபடன்னு அடிச்சுக்கிச்சு. ஒண்ணோட என்சி (அது இழுத்ததும் திறந்துக்கிற கான்டாக்ட்) இன்னொண்ணோட காயில் வழியில இன்டர்லாக்கா இருந்ததால ரெண்டும் சேர்ந்து உட்காரல. அந்த இன்டர்லாக்கும் இல்லாம, பவரும் இருந்திருந்தா மூணு பேஸும் நேரா ஷார்ட். நினைச்சாலே வேர்க்குது.

வேணும்கிறது இவ்வளவுதான்: 4 ஜிபி ராம், விண்டோஸ் 10-ல ஓடணும். காசு கூடாது. கான்டாக்டர், டைமர், ஓவர்லோடு ரிலே (மோட்டார் அளவுக்கு மேல கரன்ட் இழுத்தா நிறுத்துறது) சிம்பல் இருக்கணும். ஏ4-ல பிரின்ட் எடுத்து பேனல் கதவுக்குள்ள இருக்கிற பாக்கெட்ல வைக்கணும். 6-ம் 8-ம் வேற வேறயா தெரியணும்.

கோரமங்களா_போர்டு:

கைகேட் போடுங்க ப்ரோ. 1992-ல பிரான்ஸ்ல ஒருத்தர் ஆரம்பிச்சது, பிற்பாடு செர்ன் ஆய்வகமே கை கொடுத்து வளர்த்தது. முழுக்க இலவசம். இணைக்காம விட்ட பின்னைக்கூட அதுவே காட்டிக் கொடுக்கும். நான் ஆபீஸ்ல தினமும் இதுலதான் வேலை செய்றேன்.

பீன்யா_வயர்மேன்:

போட்டுப் பார்த்தேன் சார். இறங்கவே ஒரு மணி நேரம், திறந்தா லேப்டாப் மூச்சு வாங்குது. உள்ள ஐசி, கெபாசிட்டர்னு நம்ம ஊர் எலக்ட்ரானிக்ஸ் மார்க்கெட் எஸ்பி ரோடே இருக்கு. எனக்கு வேண்டிய மூணு பேஸ் கான்டாக்டரைத் தேடியே டீ ஆறிப்போச்சு.

ரிட்டயர்டு_டிராயிங்:

தம்பி, கைகேட் நல்ல சாமான்தான், ஆனா அது பிசிபிக்கு (எலக்ட்ரானிக் சர்க்யூட் போர்டு) பிறந்தது. உங்க வேலைக்குன்னே இருக்கிறது கியூஎலெக்ட்ரோடெக். இலவசம். ஐஇசி 60617-ங்கிற சர்வதேசத் தரத்து சிம்பல்கள் உள்ளேயே இருக்கு. ரெண்டு சிம்பலோட முனைகள் நேருக்கு நேரா வந்தா வயரை அதுவே போட்டுக்கும்.

நான் இதை விடாம வச்சிருக்கிறதுக்குக் காரணம் ஒண்ணுதான். காயில் ஒரு பக்கத்துல இருக்கும், அதோட கான்டாக்ட் வேற பக்கத்துல இருக்கும். ரெண்டையும் இணைச்சு விட்டா, இந்தக் காயிலோட கான்டாக்ட் எந்தப் பக்கத்துல எந்தக் கட்டத்துல இருக்குன்னு காயிலுக்குக் கீழயே எழுதிக் காட்டும். நாங்க டிராயிங் போர்டுல பேனாவால இங்க் பண்ண காலத்துல, இதை மட்டும் சரிபார்க்கவே ஒரு ஆளு உட்காருவார்.

டைமரோட மாத்து கான்டாக்டை எடிட்டர்ல திறந்து 15, 16, 18-ஐ பெரிய எழுத்துல போட்டு உங்க பேர்ல சேமிச்சு வச்சுக்கோங்க. அப்புறம் எல்லா பேனலுக்கும் அதே சிம்பல். பவர் ஒரு பக்கம், கன்ட்ரோல் ஒரு பக்கம்னு பிரிச்சுப் போடுங்க. ரெண்டையும் ஒரே ஏ4-ல அடைச்சா உங்க பழைய கையெழுத்தே தேவலை. இன்னொண்ணு, சர்க்யூட் தப்பா இருந்தாலும் அழகா வரைஞ்சு கொடுக்கும். தப்புன்னு சொல்லாது. அந்த எம்சிபியை இறக்கி ஓட்டுற பழக்கத்தை விட்டுடாதீங்க.

ஓசூர்_ஐடிஐ:

சார் சொன்னதோட கேட் சிமுவையும் பாருங்க அண்ணா. ஸ்பெயின்ல செஞ்சது, ஓசி, ரொம்பச் சின்ன ஃபைல், இன்ஸ்டால் பண்ண வேண்டாம். திறக்கும்போது நாலு இலக்க எண் கேட்கும், பயப்படாதீங்க. இதுல வரைஞ்ச சர்க்யூட்டை ஓட்டியே பார்க்கலாம். ஸ்டார்ட்டை மவுஸால அழுத்தினா காயில் இழுக்கும், டைமர் முடிஞ்சதும் ஸ்டார் விட்டு டெல்டா உட்காரும். எங்க பசங்களுக்கு கரும்பலகையில ஒரு வாரம் சொன்னது இதுல பத்து நிமிஷத்துல புரிஞ்சுது. கஸ்டமருக்குக் கொடுக்கிற டிராயிங்குக்கு மட்டும் கியூஎலெக்ட்ரோடெக்.

டிரா.ஐஓ-லயும் எலெக்ட்ரிக்கல் சிம்பல் உண்டு. படம் மட்டும் போதும்னா சரி. அதுக்கு காயில் எது, கான்டாக்ட் எதுன்னு தெரியாது.

பீன்யா_வயர்மேன்:

ஞாயித்துக்கிழமை கடையை மூடிட்டு ரெண்டையும் போட்டுப் பார்த்தேன். கேட் சிமுல டெல்டா உட்கார்ந்ததும் சின்னப் பிள்ளை மாதிரி நாலு தடவை ஓட்டினேன். வீட்டம்மா வந்து எட்டிப் பார்த்துட்டுப் போனாங்க.

கியூஎலெக்ட்ரோடெக்ல முதல் டிராயிங்குக்கு சாயங்காலம் ஆயிடுச்சு. கோடு இழுக்கிறதை விட சிம்பல் தேடினதுதான் அதிக நேரம். ஐயா சொன்ன மாதிரி டைமரைத் தனியா சேமிச்சதும் ரெண்டாவது பேனல் ஒரு மணி நேரத்துல முடிஞ்சுது. ஏ4 ரெண்டு பக்கம், 18-ஐ வாசல்ல நின்னு படிக்கலாம்.

இன்னைக்குக் காலையில பையன்கிட்ட பிரின்டைக் கொடுத்தேன். புரட்டிப் பார்த்துட்டு, ஓவர்லோடோட 96-ம் முனைக்கும் ஸ்டாப் பட்டனுக்கும் நடுவுல விரலை வச்சு, ஃபெரூல் நம்பர் (வயர் முனையில மாட்டுற அடையாள நம்பர்) எங்கன்னு சைகையில கேட்டான். போட மறந்துட்டேன்.